நாட்டு நாய்க்குட்டி வாங்குமுன் தாயைப் பாருங்கள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், நிலக்கடலை விதை நேர்த்தி பற்றிய பயிற்சிக்காக ஒரு மானாவாரிக் கிராமத்துக்குப் போயிருந்தேன். பயிற்சி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு விவசாயி பனையோலைக் கூடை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதற்குள் வெள்ளை நாய்க்குட்டி ஒன்று சுருண்டு கிடந்தது.

"கடலை சமாச்சாரம் புரிஞ்சுதுங்க ஐயா. இது ராஜபாளையந்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மோட்டார் சைக்கிளில் கூடை கட்டி ஊர் ஊராக வரும் ஒருவரிடம் 7,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். ஒரு வெள்ளாட்டுக் கிடாயை விற்ற பணம் அது. பட்டியில் ஆடு களவு போவதால் காவலுக்கு நாய் வேண்டும். அதோடு, பெட்டைக் குட்டியாகையால் வளர்த்துக் குட்டி விற்றால் நாலு காசு பார்க்கலாம் என்றும் ஒரு கணக்கு. குட்டிக்கு 45 நாள் வயது என்று விற்றவர் சொன்னாராம். வாயைத் திறந்து பார்த்தேன். பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்து வந்துகொண்டிருந்தன. நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் முளைக்கத் தொடங்கும். 8 வாரம் நிறையும்போது 28 பற்களும் வந்திருக்கும். இந்தக் குட்டிக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

"தாயைப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"தகப்பன்?"

"அதுவும் இல்லீங்க. மூக்கு சிவப்பா இருந்துச்சு, ரோமம் வெள்ளையா இருந்துச்சு, வாங்கிட்டேன்."

அப்படியானால் என்னாலும் சொல்ல முடியாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பெரிய படிப்புப் படித்தவர் ஒரு நாய்க்குட்டியைப் பார்த்து இனம் சொல்ல மாட்டாரா என்று நினைத்திருப்பார்.

நான் பயிர் இனப்பெருக்கத்தில் பட்டம் வாங்கியவன். நாய்களைப் பற்றி அறிந்ததெல்லாம் கால்நடை மருத்துவ நண்பர்களிடமும், சிவகாசிப் பக்கம் கன்னி நாய் வளர்த்த என் தாய்மாமன் வீட்டிலும் கற்றவைதான். ஆனாலும் இது நாய்க்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. மக்காச்சோள விதையைக் கையில் அள்ளிப் பார்த்து 'இது சுத்தமான ரகம்' என்று எந்த விதைச் சான்று அலுவலரும் கையெழுத்துப் போடுவதில்லை. அவர் விதைப் பண்ணைக்கு நேரில் போகிறார். 200 மீட்டர் தூரத்துக்குள் வேறு மக்காச்சோளம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பூக்கும் சமயத்தில் கலவன் செடிகளை நீக்கினார்களா என்று பார்க்கிறார். பிறகுதான் சான்று. நாய்க்குட்டி வாங்கும்போதும் இதே முறையைத்தான் கையாள வேண்டும்.

கிராக்கியும் கலப்படமும்

தென்மாவட்டங்களின் பெயர்பெற்ற நாட்டு நாய்கள் நான்கு. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை. அந்தக் கரிசல் சீமையிலேயே வழங்கும் கன்னி. தேனி மாவட்டத்துக் கோம்பை. முயல் வேட்டைக்கும் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை இவை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு இடமில்லை. அதன் பிறகு இவற்றை வளர்ப்போர் குறைந்தார்கள்.

பின்னர் காற்று திரும்பியது. 2005-ல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. 2020-ல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிலையம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும், கர்நாடகத்து முதோல் நாயோடு சேர்த்து, முறைப்படி பதிவு செய்தது. நம் நாட்டு நாய் இனங்களில் அப்படிப் பதிவு பெற்றவை இந்த மூன்றுதான் முதல். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்த நாய்களின் பெயர்களைச் சொல்லி, வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் நாட்டு இனங்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார்.

நல்ல காரியம்தான். ஆனால் கிராக்கி ஏறிய வேகத்தில் நாய் பெருக முடியாது. ஒரு பெட்டை ஆண்டுக்கு ஒரு முறையோ, மிஞ்சினால் இரு முறையோதான் குட்டி போடும். அதில் பிழைத்து நிற்பவை சில. தேவைக்கும் வரத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கலப்புக் குட்டிகளைக் கொண்டு நிரப்புகிறார்கள். இதில் ஏமாறுவது பெரும்பாலும் நகரத்துப் பணக்காரர் அல்லர். அவர் விசாரித்து, காரில் போய்ப் பார்த்து வாங்குகிறார். சந்தையிலும் சாலையோரத்திலும் வாங்கும் சிறு விவசாயிதான் ஏமாறுகிறார்.

மூக்கும் கண்ணும் மாறும்

ராஜபாளையத்துக்கு அடையாளம் பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் என்பார்கள். வளர்ந்த நாய்க்கு அது சரி. குட்டிக்குப் பொருந்தாது. தெருநாய் உள்பட எத்தனையோ நாய்களில், பிறக்கும்போது குட்டியின் மூக்கு இளஞ்சிவப்பாகவே இருக்கும். நாளாக ஆக முதலில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு விழுந்து, பிறகு மூக்கு முழுவதும் கறுத்துவிடும். சில குட்டிகளில் இதற்கு இரண்டு, மூன்று மாதம்கூடப் பிடிக்கும். ஆகவே மூன்று வாரக் குட்டியின் சிவந்த மூக்கு எதற்கும் சாட்சி ஆகாது. மூக்கின் ஓரத்திலோ நடுக்கோட்டிலோ கறுப்புப் பொட்டு இறங்கத் தொடங்கியிருந்தால் அது மேலும் பரவும் என்று எதிர்பார்க்கலாம்.

கண்ணும் அப்படித்தான். 10 முதல் 14 நாளில் கண் திறக்கும்போது பெரும்பாலான குட்டிகளுக்கு நீலம் கலந்த சாம்பல் நிறமே இருக்கும். நிலையான நிறம் இரண்டு, மூன்று மாதத்தில்தான் தெரியும். 'பூனைக்கண், அபூர்வம்' என்று சொல்லி இரண்டு வாரக் குட்டிக்கு ஐநூறு, ஆயிரம் கூட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வெள்ளை நிறத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. டால்மேஷன் என்னும் புள்ளி நாயைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது பிறக்கும்போது புள்ளியே இல்லாத வெள்ளைக் குட்டியாகத்தான் பிறக்கும். இரண்டு வாரத்தை ஒட்டித்தான் புள்ளிகள் ரோமத்தில் வரத் தொடங்கும். பல மாதம் கழித்தும் புதிய புள்ளிகள் விழும். வெள்ளைக் குட்டி வாங்குபவர்கள் ஈரத் துணியால் அதன் முதுகையும் கால்களையும் காது மடலையும் நனைத்துப் பார்க்கலாம். ரோமம் தோலோடு ஒட்டும்போது அடியில் உள்ள தோல் புள்ளிகள் தெரியும். அவை நெருக்கமாக இருந்தால் மேலே விசாரிக்க வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி வாங்குவோருக்கு இன்னும் சங்கடம். ஒரு மாதக் குட்டியில் எல்லா நாயும் ஒன்றுபோலத்தான் உருண்டையாக இருக்கும். இறங்கிய மார்பும் ஏறிய வயிறும் உருவெடுக்க மூன்று, நான்கு மாதம் ஆக வேண்டும். பருத்த வயிறைப் பார்த்து 'நல்ல ஊட்டம்' என்று மகிழ்வதும் தவறு. பெரும்பாலும் அது குடற்புழு.

வளர்ந்த நாயில் பார்க்க வேண்டியவை

ராஜபாளையம் ஆண் நாய் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருக்கும். எலும்பு கனத்தது. காது மடிந்து தொங்கும். கழுத்தடியில் தோல் சற்றுத் தளர்ந்திருக்கும். ரோமம் குட்டை.

சிப்பிப்பாறை ஓட்டத்துக்கென்றே அமைந்த உடல். நீண்டு ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, முதுகோடு ஒட்டியதுபோல் ஏறிய வயிறு, நீண்ட கால்கள், சாட்டை போல் மெலிந்த வால். ஒட்ட வெட்டியதுபோன்ற பளபளப்பான ரோமம். செவலை, சாம்பல் எனப் பல நிறங்களில் உண்டு. நல்ல தீனி தின்னும் நாயிலும் கடைசி விலாக்கள் தெரியும். 'பட்டினி போட்ட நாய்' என்று பார்ப்பவர்கள் சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

கன்னிக்கும் இதே உடற்கட்டுத்தான். கறுப்பு உடல், புருவத்தின் மேலும் கால்களிலும் பழுப்பு. வெளிறிய பால் நிறத்தில் இருப்பதைப் பால் கன்னி என்பார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் இரண்டு இனமா, ஒரே இனத்தின் இரண்டு நிறமா என்று வளர்ப்போரிடையே ஓயாத சண்டை உண்டு. ஒரே இனம் என்று நான் சொல்லி, அது என் தாய்மாமன் காதில் விழுந்திருந்தால் சோறு போட்டிருக்க மாட்டார். அவர் கன்னிக் குட்டியைக் காசுக்கு விற்றதும் இல்லை. கேட்டு வருபவர் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

கோம்பை செம்பழுப்பு உடலும் கறுத்த மூஞ்சியும் திரண்ட தோளும் கொண்டது. நால்வகையில் ஏமாற்றுவதற்கு மிக எளியது இதுதான். கறுத்த மூஞ்சியுள்ள பழுப்புத் தெருநாய் எந்த ஊரில் இல்லை?

இந்த அடையாளங்கள் எல்லாம் பொருந்தினால் தூய இனம் என்று முடிவு கட்டிவிடலாமா என்று கேட்பீர்கள். முடியாது. ஒரு நாய் அந்த இனம் இல்லை என்று காட்ட அடையாளங்கள் உதவும். அந்த இனமே என்று உறுதி சொல்ல அவை போதா. காரணம் நாம் மாடுகளில் தினமும் பார்ப்பதுதான். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டுப் பிறந்த கன்றைத் திரும்பவும் ஜெர்சியோடு, அதன் கன்றையும் ஜெர்சியோடு சேர்த்துப் போனால் பாதி, முக்கால், எட்டில் ஏழு என்று ஜெர்சி ரத்தம் ஏறும். மூன்றாம் தலைமுறைக்குப் பிறகு கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கெட்டிக்காரர் வேண்டும். நாயிலும் இதே கணக்கு.

முதல் கலப்பிலேயே தோற்றம் ஏமாற்றும். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நாய் இனங்களைக் கலந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1965-ல் நூலாக வெளியிட்டார்கள். பசெஞ்சி, காக்கர் ஸ்பேனியல் என்ற இரு இனங்களை அவர்கள் சேர்த்தபோது பிறந்த குட்டிகளைப் பார்த்து, பெற்றோர் இன்ன இனம் என்று யாரும் ஊகிக்க முடியாது. தகப்பன் பாதி, தாய் பாதி என்று தோற்றம் பங்கு போட்டுக்கொண்டு வருவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு வெள்ளை ராஜபாளையம் நாய்களுக்குப் பிறந்த ஈத்தில் கறுப்போ பழுப்போ விழுந்த குட்டி வருவது உண்டு. உடனே 'கலப்பு' என்று அதைத் தள்ளிவிடுகிறார்கள். முன்பெல்லாம் பிறந்த அன்றே கொன்றுவிடுவதும் நடந்திருக்கிறது. பெற்றோரிடம் வெளித்தெரியாமல் நிற்கும் பண்பு குட்டியிடம் வெளிப்படுவது மரபின் இயல்பு. அந்தக் குட்டியின் மேல் குற்றம் இல்லை.

ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன்

ஆகவே குட்டியைத் தூக்கிப் பார்ப்பதை விட்டு, அது பிறந்த இடத்துக்குப் போங்கள். தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே போக வேண்டும். மடி தளர்ந்து, காம்பு நீண்டு, குட்டிகள் ஓடிவந்து முட்டிக் குடிக்கிற நாய்தான் தாய். பக்கத்தில் கட்டிப்போட்டிருக்கும் அழகான வேறொரு நாயைக் காட்டி 'இதுதான் தாய்' என்றால் ஏற்க வேண்டாம். உடன்பிறந்த குட்டிகள் அத்தனையையும் ஒருசேரப் பாருங்கள். ஒன்று கனத்த எலும்பு, ஒன்று மெலிந்த கால், ஒன்றின் ரோமம் மட்டும் சடையாக என்று ஈத்து சிதறிக் கிடந்தால் கலப்பு நடந்திருக்க வாய்ப்பு அதிகம். முந்தைய ஈத்துக் குட்டிகள் அதே ஊரில் யாரிடமாவது வளர்ந்து நின்றால் இன்னும் நல்லது. ஒரு வயது நாயைப் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

தகப்பன் விஷயம் சற்றுச் சிக்கலானது. பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் மொத்தம் மூன்று வாரம்போல இருக்கும். முதல் ஒன்பது நாள் அளவுக்கு ரத்தக் கசிவு. அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் ஆணை ஏற்கும். அந்த நாட்களில் இரண்டு ஆண் நாய்கள் சேர்ந்தால் ஒரே ஈத்தில் சில குட்டிக்கு ஒரு தகப்பனும், மற்றவற்றுக்கு வேறு தகப்பனும் அமையலாம். ஆணின் விந்து பெட்டையின் உடலில் ஐந்தாறு நாள் உயிரோடு இருக்கும் என்பதும் இதற்குத் துணை. வளர்ப்பவர் பொய் சொல்லவில்லை. நல்ல ஆண் நாயிடம் கூட்டிப் போய்ச் சேர்த்தது உண்மைதான். ஆனால் அன்று இரவு வேலிச் சந்தில் நுழைந்த தெருநாயை அவர் பார்க்கவில்லை. மக்காச்சோளத்துக்கு 200 மீட்டர் தனிமைத் தூரம் போதும். நாய் மூன்று மைல் நடந்து வரும்.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த ஆணோடு சேர்த்தீர்கள்?' என்பது மட்டும் அல்ல. 'பருவம் முடியும்வரை பெட்டையை எங்கே அடைத்து வைத்திருந்தீர்கள்?' என்றும் கேட்க வேண்டும். சேர்த்த தேதியைக் கேளுங்கள். குட்டி போட்ட தேதியையும் கேளுங்கள். நாயின் சினைக்காலம் சராசரி 63 நாள். 58 முதல் 70 நாளுக்குள் இருந்தால் இயல்பு. 50-ம் நாளில் முழு வளர்ச்சியுள்ள குட்டி பிறந்ததாகக் கணக்கு வந்தால் தகப்பன் வேறு என்று அறியலாம்.

இதையொட்டி ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். நல்ல பெட்டை ஒருமுறை தெருநாயோடு சேர்ந்துவிட்டால் அதன் ரத்தமே கெட்டுவிடும், பிறகு போடும் குட்டிகளும் கலப்பாகவே வரும் என்று பல ஊர்களில் நம்புகிறார்கள். அப்படிப்பட்ட பெட்டைகளைச் சாலையில் விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். இதில் துளியும் உண்மை இல்லை. அந்த ஈத்துக் குட்டிகள் கலப்பு. அடுத்த பருவத்தில் முறையாகச் சேர்த்தால் அடுத்த ஈத்து சுத்தம்.

காகிதமும் சோதனையும்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் நாய்களைப் பதிவு செய்து, பெற்றோர் பெயருடன் சான்றிதழ் தருகிறது. நாயின் தோலுக்கடியில் அரிசி அளவு சில்லு ஒன்றைச் செலுத்தி, அதன் எண்ணையும் சான்றில் குறிப்பார்கள். சான்றிதழ் காட்டினால், கால்நடை மருத்துவரிடம் உள்ள கருவியால் அந்த எண்ணை ஒத்துப் பாருங்கள். எண் பொருந்தாவிட்டால் அந்தச் சான்றிதழ் வேறு நாயுடையது. கிராமத்தில் பரம்பரையாக வளர்ப்பவர்களிடம் பெரும்பாலும் காகிதம் இருக்காது. அதனால் அவர்கள் நாய் குறைந்தது என்று எண்ண வேண்டாம். காகிதமும் கடைசியில் வளர்ப்பவர் சொல்லும் தகவலை நம்பி எழுதப்படுவதுதான்.

மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இதில் இரண்டு வகை. இன்ன குட்டி இன்ன பெற்றோருக்குப் பிறந்ததா என்ற சோதனை மிகவும் நம்பத்தக்கது. இன்ன நாய் இன்ன இனம் என்று சொல்லும் சோதனை, ஏற்கனவே திரட்டி வைத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்வது. மேல்நாட்டு இன மாதிரிகளை மட்டும் வைத்திருக்கும் சோதனைச்சாலைக்குக் கோம்பை நாயின் எச்சிலை அனுப்பினால் அது ஏதாவது மேல்நாட்டுப் பெயரைத்தான் சொல்லும். அந்தப் பணத்தைத் தடுப்பூசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

2017-ம் ஆண்டு மத்திய அரசு வகுத்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, தொழிலாகக் குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கூடைக்காரர் விற்றது இந்த விதிக்கு மாறானது. இனத் தூய்மை ஒருபுறம் இருக்கட்டும், சீக்கிரம் தாயைப் பிரிந்த குட்டிக்கு நோய் எதிர்ப்பும் குறைவு; கடிக்கும் அளவு தெரியாமலும் வளரும்.

காது கேட்கிறதா?

இனி சொல்லப்போவதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் ஆடு வளர்க்கும் விவசாயி ஒருவர் மூன்று மாத ராஜபாளையம் குட்டி ஒன்றை என்னிடம் காட்டினார். தாயையும் தகப்பனையும் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். பால் வெள்ளை, ஒரு பொட்டு இல்லை, மூக்கு ரோஜா நிறம். 'முதல் தரம்' என்று நான் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது நாய் இல்லை. பட்டிக்கு எதிரே தார்ச்சாலையில் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருந்தபோது லாரி ஏறிவிட்டதாம். ஓட்டுநர் நெடுக ஆரன் அடித்திருக்கிறார். அது திரும்பியே பார்க்கவில்லை. அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டால் வராததை 'பிடிவாதம்' என்று வீட்டில் அடித்திருக்கிறார்கள்.

"நிறம் பாத்தோம், மூக்கு பாத்தோம், காது கேக்குதான்னு பாக்கலையே ஐயா" என்றார் அவர். 'பாத்தோம்' என்று என்னையும் சேர்த்துச் சொன்னார்.

இதன் காரணம் தெரிந்த ஒன்று. ரோமத்துக்கும் தோலுக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், ஒலியை உணரும் நுண்ணிய உறுப்பு பிறந்த சில வாரத்துக்குள் அழிந்துவிடும். பிறகு எந்த மருந்தாலும் திரும்பாது. வெள்ளை நிறம் மிகுந்த இனங்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. அமெரிக்க டால்மேஷன் நாய்களில் 100-க்கு சுமார் 30 நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்பதில்லை. ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்போர் எல்லோரும் அறிந்தது. வெளியில் சொல்வோர் குறைவு. கறை விழுந்த குட்டிகளை ஒவ்வொரு ஈத்திலும் ஒதுக்கி, வெள்ளையிலும் வெள்ளையைத் தேடிச் சேர்த்ததில் காதை இழந்தோம் என்பதே என் கருத்து.

சோதிப்பது எளிது. குட்டிக்கு ஐந்து வாரம் கடந்திருக்க வேண்டும். உடன்பிறந்தவற்றிலிருந்து பிரித்துத் தனியே தூங்க விடுங்கள். பின்புறமாக, அதன் கண்ணில் படாமல் நின்று, சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். அல்லது சீழ்க்கை அடியுங்கள். தரையைத் தட்டக் கூடாது, அருகில் கை தட்டவும் கூடாது. அதிர்வையும் காற்றையும் உணர்ந்து செவிட்டுக் குட்டியும் விழித்துவிடும். காது மடலாவது அசைய வேண்டும். ஒரு முறை தவறினால் முடிவு செய்ய வேண்டாம், மூன்று நான்கு முறை பாருங்கள். மற்றக் குட்டிகள் சத்தம் கேட்டு எழுந்து ஓடும்போது ஒன்று மட்டும் தூங்கினாலும், விளையாட்டில் மற்றது கத்தக் கத்த விடாமல் கடித்தாலும் சந்தேகப்படுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது. அது காவலுக்கு உதவும். இனவிருத்திக்கு மட்டும் விடக் கூடாது.

குட்டி விற்க நினைப்போருக்கு

பட்டிக் காவலுக்கு ஒரு நாய் போதும் என்பவர் தூய இனத்தைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஊரில் நல்ல தாய்க்குப் பிறந்த தெருக்குட்டி நம் வெயிலுக்கும் கூழுக்கும் பழகியது. இனம் பார்க்க வேண்டியவர், குட்டி எடுத்து விற்க நினைப்பவர்தான். ஏனென்றால் நாளை இன்னொரு விவசாயி அவர் சொல்லை நம்பிப் பணம் கொடுக்கப் போகிறார்.

அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டை பருவத்துக்கு வந்த தேதி, சேர்த்த தேதிகள், ஆண் நாயின் உரிமையாளர் பெயரும் ஊரும், குட்டி போட்ட தேதி, எத்தனை குட்டி, என்ன நிறம், எதற்குக் காது கேட்கவில்லை, யாருக்குக் கொடுத்தது என்று எழுதி வர வேண்டும். கறை விழுந்த குட்டியையும் செவிட்டுக் குட்டியையும் மறைக்காமல் எழுத வேண்டும். செவிட்டுக் குட்டி போட்ட அதே ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது.

சுத்தம் கெடக் கூடாது என்று அண்ணன், தங்கையைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கு, ஒரே மூதாதையிடமிருந்து இரு வழியாகவும் வந்து இரட்டிப்பாக அமையும். மறைந்திருந்த குறையெல்லாம் வெளிவர இது ஒன்றே போதும். ஈத்தின் எண்ணிக்கை குறையும், குட்டிகள் நோஞ்சானாகும். ஆண் நாயை வேறு ஊரில், வேறு வழியில் வந்ததாகத் தேடுங்கள். பருவ நாட்களில் பெட்டையைக் கதவுள்ள அறையில் அடையுங்கள். கயிற்றில் கட்டிப் போடுவது காவல் ஆகாது.

கூடைக் குட்டியை வாங்கியவருக்கு அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: குடற்புழு மருந்து கொடுங்கள், ஆறு, எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசியும் மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுங்கள், ஐந்து வாரம் கடந்ததும் காதைச் சோதியுங்கள், இனத்தை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

தை மாதம் மீண்டும் போனேன். மூக்கு பாதி கறுத்திருந்தது. முன்னங்கால்களில் மிளகு தூவியதுபோல் புள்ளிகள். ஒரு காது தொங்க, மற்றது நிமிர்ந்து நின்றது. நான் வண்டியை நிறுத்திய இடம் பட்டியிலிருந்து நூறு கஜம் இருக்கும். அங்கிருந்தே குரைக்கத் தொடங்கிவிட்டது. "7,000 ரூபாய்க்குத் தெருநாய்" என்று சொல்லி அவரே சிரித்தார். அது வந்த பிறகு ஒரு ஆடும் களவு போகவில்லையாம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அடுத்த ஈத்தில் இரண்டு ராஜபாளையம் குட்டி வேண்டும் என்று முன்பணம் நீட்டியிருக்கிறார். இவர் வாங்கவில்லை. கருத்தடை அறுவைக்குக் கால்நடை மருத்துவமனையில் தேதி கேட்டு வைத்திருந்தார்.